கலந்தர் லெப்பையின் முனாஜாத்து

கலந்தர் லெப்பை பாட்டுக் கட்டுகிறார் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் எங்கள் பாடசாலைச் சங்கீத ஆசிரியை ஞானம்மா. நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில், ஐந்து சந்திக்கு அருகில் தையற்கடை வைத்திருக்கும் மனிதர், ஐந்தாம் வகுப்புக்கு மேல் படியாதவர், விருத்தம் பாடுகிறார் என்றால் எவர் நம்புவார்? ஞானம்மாவுக்கு எதையும் ஊதிப் பெருப்பிக்கும் பழக்கம் வேறு. ஆனாலும் அவள்தான் சொன்னாள். அதை மறைப்பது நேர்மையன்று. யார் சொன்னது என்பதை முதலில் சொல்லிவிட்டே எதையும் சொல்லத் தொடங்க வேண்டும் என்று முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவள் நான்.

பையைக் கீழே வையுங்கள், பிள்ளை. இந்த வரிசை இப்போதைக்கு நகராது. ஓமந்தையில் பேருந்தை விட்டு இறக்கினால் அத்தனை பேருடைய பொதியையும் அவிழ்த்துப் பார்த்த பின்னர்தான் விடுவார்கள். சமாதான காலம் என்று பெயர். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பது செருப்பைப் பார்த்தபோதே தெரிந்தது. நான் இப்படிப் பேசுவது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். வீட்டிலும் நான் இப்படித்தான். "பத்மாசனி ரீச்சர் கத்தரிக்காய் வாங்கினாலும் மேடைப் பேச்சுத்தான்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள். சொல்லட்டும்.

உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்க வேண்டும். சென்ற மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய தகப்பனின் பொருள் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் காத்து வைத்திருந்தேன். போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது, பட்டினி வந்தது. நான் அதைக் கைவிடவில்லை. அவளோ அதை வாங்காமலே போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் சோற்றுக் கோப்பைக்குள் கிடக்கிறது. உங்களுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

ஞானம்மா சொன்னது தொண்ணூறாம் ஆண்டின் தொடக்கத்தில். "அக்கா, உந்தத் தையல்கார நானா மெசினை மிதிச்சுக்கொண்டே பாடுறார். சும்மா பாட்டில்லை, விருத்தம். என்ரை காதாலை கேட்டனான்" என்றாள். முஸ்லிம் வியாபாரிகளை எங்கள் ஊரில் நானா என்றுதான் அழைப்பார்கள். சரி, காதால் கேட்டதை நானும் காதால் சோதிப்போம் என்று ஒரு சட்டைத் துணியையும் அளவுக்கு ஒரு பழைய சாறிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

மெலிந்த மனிதர். வெள்ளைத் தொப்பி. காதில் சுண்ணக்கட்டி. அளவுச் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், தோளில கொஞ்சம் இறுக்கமா இருக்கும் போல. தளர்த்தித் தைக்கட்டா?" என்று கேட்டார்.

"கொடுத்த அளவு கொடுத்த அளவுதான். நூலளவும் மாறக் கூடாது" என்றேன்.

"உங்கட உத்தரவு" என்று சிரித்துக்கொண்டு இயந்திரத்தில் உட்கார்ந்தார். நான் கடை வாசலில் குடையைச் சரிசெய்வதுபோல் நின்றேன். சிறிது நேரத்தில் பாட்டு வந்தது. அடி முடியும் இடத்தில் கால் நிற்கும். அடுத்த அடி தொடங்கும்போது கால் தொடங்கும். ஞானம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் அடி நொண்டியது.

"மூன்றாம் அடியில் ஒரு சீர் குறைகிறது" என்றேன்.

இயந்திரம் நின்றது. "எந்த இடத்தில ரீச்சர்?"

நான் பாட்டை முதலிலிருந்து சொல்லிக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒருக்காக் கேட்டதுக்கேயா?"

"நாங்கள் படித்த காலத்தில் புத்தகம் வாங்க வசதி இல்லை. கேட்டதை நெஞ்சில் எழுதிக்கொள்வோம்."

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் மாலையில் என் வீட்டு விறாந்தைக்கு வருவார். நாற்காலியின் விளிம்பில் உட்காருவார். தேநீர் கொடுப்பேன். அவருக்கென்று தனியாக ஒரு கண்ணாடிக் கோப்பை வைத்திருந்தேன். அந்த மரியாதையை நான் வேறு எவருக்கும் செய்ததில்லை. அந்தக் கிழமை கட்டிய பாட்டைச் சொல்லுவார். நான் கேட்டுத் திருப்பிச் சொல்லுவேன். ஓசை பிசகிய இடத்தைக் காட்டுவேன். அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொண்டு வருவார்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது முனாஜாத்து. இறைவனிடம் முறையிட்டு அழுது கேட்கும் பாட்டுக்கு அவர்கள் வழக்கில் அந்தப் பெயர். நூறு பாட்டுப் பாடுவதாக நேர்ந்திருந்தார். தமக்காக அல்ல, ஊருக்காக. அந்த ஆனியில் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கி, வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கியபோது பாட்டும் வேகம் கொண்டது. பதுங்குகுழிக்குள் இருந்து கட்டினேன் என்று மண் ஒட்டிய சாரத்தோடு வந்து நிற்பார். பள்ளிவாசல் தெருவையும் கோவில் வீதியையும் மாதாகோவில் வளவையும் ஒரே பாட்டில் வைத்து, இத்தனை வீட்டுப் பிள்ளைகளையும் காத்துத் தா என்று கேட்ட பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டபோது நான் தேநீரை மறந்துவிட்டேன். நல்ல பாட்டை நல்ல பாட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது.

ஒரு நாள் அவர் கையில் இருந்த தாள்களைப் பார்த்தேன். சட்டை வெட்டும் மாதிரிக் கடதாசியின் பின்பக்கம். வலமிருந்து இடமாக, கொக்கியும் புள்ளியுமாக ஏதோ எழுதியிருந்தது.

"இது என்ன, அரபு மொழியா?"

"தமிழ்தான் ரீச்சர். சட்டைதான் வேற" என்றார்.

தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் அவர்களுடைய முன்னோரிடம் இருந்ததாம். ஓதற்பள்ளியில் அவர் கற்றது அந்த எழுத்துத்தான். நமது எழுத்தில் கடைப் பெயர்ப்பலகையை வாசிப்பார், எழுத வராது. "நான் கற்றுத் தருகிறேன், நமது எழுத்திலேயே எழுதிவையுங்கள்" என்று எத்தனை முறை சொன்னேன். "இந்த வயசில கை வளையாது ரீச்சர். உங்கட நெஞ்சு இருக்கே, அதைவிடப் பெரிய கொப்பியா?" என்றுவிடுவார். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஆகவே நூறு பாட்டையும் நான் காது வழியாகவே வாங்கினேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு வழக்குத்தான். சொல். முதற்பாட்டு இப்படித் தொடங்கும்:

ரஹ்மத்தாம் மழைபொழியும் ரப்பே, எங்கள்
ராத்திரிக்கு விளக்காக வருவாய் நீயே.

"ரஹ்மத்து என்றால் அருள்தானே? அருள் என்றே வைத்துவிடலாமே. ரப்பு என்றால் இறைவன். இவ்வளவு அழகான சொற்கள் நமக்கு இருக்கும்போது எதற்குக் கடன்?" என்று கேட்டேன்.

"ஓசை பிழையெண்டாச் சொல்லுங்கோ ரீச்சர், எத்தனை தரமும் பிரிச்சுத் தைக்கிறன். சொல்லில மட்டும் கைவைக்காதைங்கோ."

"பொருள் மாறவில்லையே."

"பொருள் ஒண்டுதான். ஆனா அருள் உங்கட வீட்டில வளர்ந்த பிள்ளை. இது எங்கட வீட்டில வளர்ந்தது. நாங்க கூப்பிட்டா இதுதான் திரும்பிப் பார்க்கும். இந்தச் சொல்லச் சொன்னாத்தான் எங்கட உம்மாமார் கண்ணத் துடைப்பாங்க."

படியாதவருடைய பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். அவர் முன்னிலையில் ஒரு சொல்லையும் நான் தொட்டதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் நூறாவது பாட்டு முடிந்தது. வரும் கந்தூரி விழாவில் பள்ளிவாசலில் முழுவதையும் பாடுவதாக இருந்தார். முதற்பாட்டை மட்டும் அவர்களுடைய தெருவில் பிள்ளைகள்கூடப் பாடத் தொடங்கியிருந்தார்கள். மற்றவை எல்லாம் இரண்டே இடத்தில் இருந்தன: அவருடைய கடதாசியில், என் நெஞ்சில்.

கொஞ்சம் முன்னுக்கு வாருங்கள், வரிசை நகர்கிறது. இல்லை, நின்றுவிட்டது.

அந்த மாதம் முடிவதற்குள் இயக்கத்தின் ஒலிபெருக்கி வந்தது. முஸ்லிம்கள் அனைவரும் மைதானத்தில் கூட வேண்டும் என்றது. பிறகு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. நகை கூடாது, வீட்டுச் சாமான் கூடாது, காசு இவ்வளவுக்கு மேல் கூடாது. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் படலையடியில் நின்று கேட்டோம். அந்த அறிவிப்பில் இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்று எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருந்தவில்லை, மற்றது உச்சரிப்பு. தமிழுக்காகத் துவக்கு எடுத்தவர்கள் ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு முன் எவரையாவது கேட்டிருக்கலாம். நான் அந்த ஒழுங்கையில்தானே இருந்தேன்.

நான் உள்ளே திரும்பும்போது சைக்கிள் மணி கேட்டது. கலந்தர் லெப்பை. அந்த மாதம் நான் தைக்கக் கொடுத்திருந்த மூன்று புதுச் சட்டைகளும், கை பிரித்துத் தைக்கக் கொடுத்த பழைய சட்டை ஒன்றும், செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் இருந்தன.

"ரீச்சர், உங்கட சட்டை. ஸ்திரிக்கை போட நேரமில்லை, குறை நினைக்காதைங்கோ."

"எவ்வளவு?" என்று கேட்டேன். சொன்னார். பணப்பையை எடுக்கத் திரும்பினேன்.

"வேணாம் ரீச்சர். கொண்டுபோகலாம் எண்டு சொன்ன காசு ஏற்கனவே மடியில இருக்கு. அதுக்கு மேல ஒரு சதம் இருந்தாலும் வழியில வாங்கிப்போடுவாங்க. உங்களிட்ட இருக்கட்டும். உங்களிட்ட இருந்தா இருந்தபடி இருக்கும்."

"எங்கே போகிறீர்கள்?"

"தெரியாது ரீச்சர்."

"எப்போது திரும்பி வருவீர்கள்?"

சிரித்தார். "அதச் சொல்ல ஒலிபெருக்கிக்கு மறந்துபோச்சு." பிறகு சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "நூறும் நெஞ்சில இருக்குத்தானே?"

"இருக்கிறது."

"அப்ப பயமில்லை. கடதாசியக் கொண்டுபோறன், ஆனா வழி எப்பிடியோ. நீங்க அப்பிடியே வைச்சிருங்கோ."

அவர் போனார். ஒழுங்கை முகப்பில் துவக்கோடு நின்றவன் என்னிடம் தனியாகத் தமிழ் படித்தவன். சாதாரண தரப் பரீட்சையில் விசேட சித்தி வாங்கியவன். என்னைக் கண்டதும் துவக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "ரீச்சர், நீங்கள் உள்ளுக்குப் போங்கோ" என்றான். நான் உள்ளே போனேன். மாணவன் ஒருவன் எனக்குக் கட்டளையிட்டது அதுவே முதல் தடவை. அந்த அவமானத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை.

மாலையில் ஐந்து சந்திப் பக்கம் ஒரு வெளிச்சம் இல்லை. நாங்கள் என்ன செய்திருக்க முடியும்? நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு கேட்பது எல்லோருக்கும் எளிது. இரண்டு மாதத்தில் அவருடைய இயந்திரம் வேறொருவன் கடையில் நின்றது. ஒரே ஒரு சட்டை கொடுத்தேன், கை பொருந்தவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை.

வழியில் நடந்ததை அந்தப் பெண் சென்ற மாதம் வந்தபோதுதான் சொன்னாள். லெப்பையின் மகள், ஜெசீமா. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. சோதனைச் சாவடியில் ஒரு இளைஞன் அந்தக் கடதாசிகளைப் பிடித்துக்கொண்டானாம்.

"இது என்ன பாஷை? ஆருக்கு எழுதின கடிதம்?"

"தமிழ் தம்பி. பாட்டு."

"தமிழ் எண்டா எங்களுக்குத் தெரியாதோ?"

வாசித்துக் காட்டுகிறேன் என்று லெப்பை முதற்பாட்டை அந்த வரிசையில் நின்றபடியே பாடியிருக்கிறார். பின்னால் நின்ற பெண்கள் அழுதிருக்கிறார்கள். இளைஞன் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, "பாடமாக்கினதை ஆரும் பாடலாம். இதிலை இருக்கிறது அதுதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிக் கிழித்து, தெருவோர மழை வெள்ளத்தில் போட்டுவிட்டான். அவன் கையில் தமிழ்தான் இருந்தது, தமிழுக்காகத்தான் நின்றான், அவனுக்கு அது தெரியவில்லை. நமது எழுத்தில் எழுதியிருந்தால் தப்பியிருக்கும். நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

ஆக, நூறு பாட்டுக்கும் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் நான்.

ஒவ்வொரு காலையும் தேவாரம் ஓதி முடித்த பின் பத்துப் பாட்டு வீதம் சொல்லி வந்தேன். தொண்ணூற்றைந்தில் எங்களையும் எழுப்பினார்கள். ஊர் முழுவதும் மழையில் ஒரே பாலத்தின் மேல் நடந்தது. அந்த நேரம் நான் லெப்பையை நினைத்தேன் என்று சொன்னால் பொய். பூட்டிவிட்டு வந்த என் புத்தக அலமாரியை நினைத்தேன். ஆனால் நடந்த நடைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. அந்தப் பாட்டுகளைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அவர் கால் மிதித்த தாளம் என் காலுக்குச் சரியாக இருந்தது.

கொடிகாமத்தில் ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பங்கள். வாசிக்க ஒரு துண்டுத் தாள் இல்லை. திருத்த ஒரு பிள்ளையின் கொப்பி இல்லை. அப்படி இருந்தால் என்னைப் போன்றவளுக்குப் பைத்தியம் பிடிக்கும், பிள்ளை. அங்கேதான் முதற்பாட்டில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வேறொன்றை வைத்துப் பார்த்தேன்.

அருளென்னும் மழைபொழியும் இறையே, எங்கள்
இருளுக்கு விளக்காக வருவாய் நீயே.

எப்படி நிமிர்ந்து நிற்கிறது பாருங்கள். அன்று இரவு நான் நன்றாக உறங்கினேன். மறுநாள் அடுத்த பாட்டு. ஒரு சொல்லை வெளியேற்றினால் அதற்கு இணையாக நிற்கும் சொல்லும் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் எதுகை கெட்டுவிடும். சில இடங்களில் ஒரு அடியையே காலி செய்ய வேண்டியிருந்தது. நான் அவசரப்படவில்லை. பாட்டின் பொருளுக்கு ஒரு கீறல் விழவிடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் தொடர்ந்தேன். ஏழு ஆண்டு உழைப்பு. முடிந்தபோது அந்த நூறு பாட்டில் பிறமொழிச் சொல் ஒன்றுகூட இருக்கவில்லை. அவ்வளவு தூய்மை. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லுவேன். என்னிடம் கொடுத்த எதையும் கொடுத்ததைவிடத் திருத்தமாகவே நான் திருப்பிக் கொடுப்பேன். கேட்டுப் பாருங்கள், என்னிடம் படித்த எவரையும்.

சென்ற மாதம், பாதை திறந்திருக்கிறதே என்று புத்தளத்து அகதி முகாம்களிலிருந்து ஒரு வான் வண்டியில் சிலர் தங்கள் வீடுகளைப் பார்க்க வந்திருந்தார்கள். கூரை இல்லாத வீடுகளைப் பார்த்துவிட்டு ஜெசீமா என் படலைக்கு வந்தாள்.

"ரீச்சர், என்னைத் தெரியுதா?"

"ஜெசீமா. பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு. கட்டுரைக்கு முடிவுரை எழுத மாட்டாய்."

சிரித்தாள். அவளும் இப்போது ஆசிரியையாம், அங்கே முகாமுக்கு அருகில். தகப்பன் இறந்து ஆறு ஆண்டு ஆகிறது என்றாள். ஓலைக் கொட்டிலில் வெள்ளம் வந்து, காய்ச்சல் வந்து, ஞாபகம் சிதறிப்போனதாம். "முதல் பாட்டை மட்டும்தான் திருப்பித் திருப்பிப் படிப்பார் ரீச்சர். மிச்சத்துக்கு நாக்கு வராது. நாங்க அழுதா, 'ஏன் அழுறீங்க, ரீச்சரிட்ட இருக்கு' எண்டு சொல்லுவார். அதச் சொல்லிச் சொல்லியேதான் மவுத்தானார்."

கைப்பையிலிருந்து ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். "உம்மாக்கு இப்ப கண் தெரியாது. சாகிறதுக்கு முந்தி முழுசையும் ஒருக்காக் கேக்கோணும் எண்டு ஒரே பிடி. வானில ஏறக்குள்ள 'கொண்டு வருவியா' எண்டு கேட்டா. கொண்டு வருவன் எண்டு சொல்லிட்டுத்தான் வந்தனான்."

நான் முகம் கழுவி, திருநீறு பூசி, நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பொத்தானை அழுத்தினாள். முதற்பாட்டைச் சொன்னேன். தலையை நிமிர்த்தினாள். இரண்டாம் பாட்டில் முக்காட்டு நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள். மூன்றாம் பாட்டு முடியவில்லை, பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டாள். ஓதிக்கொண்டிருக்கும்போது இடைநிறுத்தும் துணிவு வகுப்பில் அவளுக்கு இருந்ததில்லை.

"ரீச்சர், முதல் பாட்டு இப்பிடி இல்லையே."

தானே பாடிக் காட்டினாள், தகப்பனின் சொற்களோடு. அவளுக்குக் குரல் நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"அது பழைய பாடம். இது திருத்திய பாடம்" என்றேன்.

"நூறையுமா திருத்தினீங்க?"

"நூறையும்."

"அப்ப பழசு?"

முதற்பாட்டை அவள் பாடியபோது எனக்கும் அது பிடிபட்டது. இரண்டாம் பாட்டைத் தேடினேன். திருத்தியதுதான் வந்தது. மூன்றாவதும் அப்படியே. அதில் என்ன வியப்பு? ஒரு கொப்பியைத் திருத்திக் கொடுத்த பிறகு பிள்ளை முதலில் என்ன எழுதியிருந்தாள் என்பதை எந்த ஆசிரியை நினைவில் வைத்திருப்பாள்?

அவள் விடவில்லை. இரண்டாம் பாட்டின் முதலடியைச் சொல்லச் சொன்னாள். "இந்த இடத்தில, 'நலம்' எண்டு சொல்லுறீங்களே, அதில என்ன இருந்தது ரீச்சர்?"

"பிழை இருந்தது."

கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தொடங்கினாள்: "பரக்கத்தா? துஆவா? சபூரா?" ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தாள். பொத்தானுக்குத் துளை தேடுகிற மாதிரி. சில இடத்தில் ஏதோ ஒன்று பொருந்தியது. "இதுதானா வாப்பா வைச்சது?" என்று கேட்டாள். உறுதியாகத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. தெரியவில்லை என்றேன். தேநீர் ஆடை கட்டிப்போனது. ஐந்தாம் பாட்டைத் தாண்டவில்லை. அவள் தேடுவதை விட்டுவிட்டாள்.

"ஜெசீமா, இதையே கொண்டுபோய் உன் உம்மாவுக்குப் போட்டுக் காட்டு" என்றேன். "இதைவிட நல்ல தமிழில் ஒருவர் இறைவனிடம் கேட்டிருக்க முடியாது. அவருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை."

"உம்மாக்குக் கண்தான் தெரியாது ரீச்சர்" என்றாள்.

கருவியைப் பைக்குள் வைத்தாள். எழுந்தாள். எழுந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க எங்களைத்தான் அனுப்பினாங்க. நீங்க..."

அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் முடிவுரை எழுத வராது அவளுக்கு. நான் என்ன? நான் என்ன செய்தேன்? நீங்களே சொல்லுங்கள், பிள்ளை. அவர்கள் கிழித்துப் போட்டார்கள், நான் காப்பாற்றினேன். அவர்கள் பாட்டை வெள்ளத்தில் விட்டார்கள். நான் அதைத் தலையில் சுமந்து மழையில் நடந்தேன். இதுவும் அதுவும் ஒன்றா? நன்றி என்று ஒரு சொல் சொன்னாளா? நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவரும் எதையும் சொல்வதில்லை. சரி, பையை எடுங்கள், நமது முறை வருகிறது.

இருங்கள், முடித்துவிடுகிறேன். நான் முடிப்பேன்.

படலையடியில் அவளை நிறுத்தினேன். "ஜெசீமா, உன் வாப்பாவின் பொருள் இன்னொன்று என்னிடம் இருக்கிறது" என்றேன். அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. ஏதோ பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது என்று எண்ணினாள் போலும். நான் உள்ளே போய் அந்த உறையை எடுத்து வந்தேன். லெப்பை போன அன்றே தையற்கூலியை எண்ணி அதில் வைத்தவள் நான். கொடிகாமத்தில் பாண் வாங்கக் காசில்லாத நாளிலும் அதைத் தொடவில்லை. அதே தாள்கள், அதே நாணயக் குற்றிகள், ஒன்றைக்கூட மாற்றவில்லை.

"வேணாம் ரீச்சர்" என்றாள்.

"எவருடைய காசும் என் வீட்டில் தங்கக் கூடாது. எண்ணிப் பார்த்து வாங்கு."

அவள் கண் நிறைந்திருந்தது. காசைக் கண்டால் சிலருக்கு அப்படி. இருந்தாலும் வகுப்பில் நிற்பதுபோல் நேராக நின்று, ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"சரியா?"

"சரி ரீச்சர்."

"எவ்வளவு? வாயால் சொல்."

"எழுபத்தேழு ரூபாய், ஐம்பது சதம்."